ராணுவத்தில் திருநர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ராணுவத்தில் திருநர் என்று பேச்செடுத்தால் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஓரிடத்தில் சொன்னதை மறுபடி சொல்லாமல் அந்தக் கேள்வியின் எண்ணைக் கொடுத்திருக்கிறோம். அமெரிக்கா அடிக்கடி வரும்; விதி அதிக முறை புரட்டப்பட்டதும், ஒவ்வொரு புரட்டலும் எழுத்தில் வெளியானதும் அங்கேதான்.

1. திருநர்னா திருநங்கைகள் மட்டும்தானே?

இல்லை. பிறந்தபோது ஆண் என்று பதிவாகிப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்பவர் திருநம்பி. இவர்களையும், இரண்டிலும் அடங்காதவர்களையும் சேர்த்துச் சொல்லும் சொல் திருநர். எல்லாரும் அறுவை சிகிச்சை செய்துகொள்வதில்லை. சிலருக்கு ஹார்மோன் போதும், சிலருக்குப் பெயரும் ஆவணமும் மாறினால் போதும்.

ராணுவத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் பிறகுதான். பதிவேட்டில் பாலினம் என்ற கட்டத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்பதைத்தான் அது முதலில் பார்க்கும். எந்தச் சீருடை, எந்தத் தங்குமிடம், ஓட்டத் தேர்வில் எத்தனை நிமிடம், போதைப்பொருள் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று கண்காணிப்பவர் ஆணா பெண்ணா, எல்லாமே அந்த ஓர் எழுத்தைப் பொறுத்தது. கீழே வரும் சிக்கல்களில் பாதி உடம்பால் வருபவை அல்ல, இந்தக் கட்டத்தால் வருபவை.

2. எந்த நாடுகள்ல வெளிப்படையா இருந்துகிட்டே பணி செய்ய முடியும்?

முதலில் கதவைத் திறந்தது நெதர்லாந்து, 1974இல். கனடா 1992இல், ஆஸ்திரேலியா 2010இல் திறந்தன. பிரிட்டன், ஜெர்மனி, இஸ்ரேல், நியூசிலாந்து, ஸ்வீடன், நார்வே ஆகியவையும் பட்டியலில் உண்டு. 2016இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் எண்ணியபோது 18 நாடுகள் அனுமதித்திருந்தன. பிரிட்டனின் விமானப்படை அதிகாரி கரோலின் பேஜ் 1999இல் பணியில் இருந்தபடியே மாறினார். ஜெர்மனியில் 2017இல் அனஸ்தாசியா பீஃபாங் ஒரு தகவல் தொழில்நுட்பப் பட்டாலியனுக்கே தளபதியானார்.

"அனுமதி உண்டு" என்று படித்தவுடன் ஒரே கதவு என்று நினைக்க வேண்டாம். வெளியிலிருந்து சேர்வதற்கு ஒரு விதி, ஏற்கெனவே உள்ளே இருப்பவர் மாறுவதற்கு வேறொரு விதி. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கலாம். செய்தித் தலைப்புகள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

3. இந்திய ராணுவத்துல சேரலாமா?

முப்படைகளில் திருநர் என்ற பிரிவில் ஆள் எடுப்பதில்லை. 2010இல் கடற்படையில் சேர்ந்த ஒரு மாலுமி, 2016இல் விடுப்பில் இருந்தபோது அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2017 அக்டோபரில் "இனி பணி தேவையில்லை" என்ற விதிப் பிரிவின் கீழ் அவர் விடுவிக்கப்பட்டார். ஆணாகச் சேர்க்கப்பட்டவர், அந்தப் பணிகளுக்கு ஆண்களை மட்டுமே எடுக்கிறோம் என்பது கடற்படையின் வாதம். எந்த வேலைக்கும் நிறுவனங்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் திருநர் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பிறகுதான், 2019இல், வந்தது.

காவல்துறை வேறு கதை. சத்தீஸ்கர் மாநிலக் காவல்துறையின் 'பஸ்தர் ஃபைட்டர்ஸ்' படைக்கு 2022இல் 9 திருநர்கள் தேர்வானார்கள். சீருடையும் துப்பாக்கியும் இருப்பதால் "ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள்" என்று பகிர்கிறார்கள். அது ராணுவம் அல்ல.

4. இதெல்லாம் இப்போ வந்த விஷயம்தானே? அந்தக் காலத்துல யார் இருந்தாங்க?

இருந்தார்கள், பெயர் வைக்கத்தான் ஆளில்லை. ஆல்பர்ட் கேஷியர் 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இல்லினாய் 95ஆவது காலாட்படையில் சேர்ந்து 1865 வரை சண்டையிட்டார். பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் ஜென்னி ஹாட்ஜர்ஸ். போருக்குப் பின்னும் ஆணாகவே வாழ்ந்தார், வாக்களித்தார், ஓய்வூதியம் வாங்கினார். 1911இல் காரில் அடிபட்டுக் கால் முறிந்தபோது மருத்துவருக்கு உண்மை தெரிந்தது. 1914இல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிப் பாவாடை உடுத்த வைத்தார்கள். ஓய்வூதிய அலுவலகம் மோசடியோ என்று விசாரித்தது. உடன் போரிட்டவர்கள் வந்து "இவர்தான் எங்கள் கேஷியர்" என்று சாட்சி சொல்ல, ஓய்வூதியம் தொடர்ந்தது. 1915இல் இறந்தவரைச் சீருடையிலேயே ராணுவ மரியாதையுடன் புதைத்தார்கள். கல்லறையில் ஆல்பர்ட் கேஷியர் என்ற பெயரும் படைப்பிரிவின் எண்ணும் பொறித்திருந்தது.

மெக்சிகோ புரட்சியில் கர்னலாக இருந்த அமேலியோ ரோப்லஸை அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் 1970களில் ஆண் போர்வீரராகவே அங்கீகரித்தது. இவர்கள் தங்களை இன்றைய சொல்லால் அழைத்துக்கொண்டிருப்பார்களா என்று கேட்டால் பதில் கிடையாது. வாழ்ந்த விதத்தைச் சொல்லலாம், பட்டத்தை நாம் ஒட்ட வேண்டியதில்லை.

5. அமெரிக்காவுல 2011லயே "கேட்காதே, சொல்லாதே" சட்டத்தை எடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன தடை?

அந்தச் சட்டம் தன்பால் ஈர்ப்புள்ளவர்களைப் பற்றியது. திருநர்களுக்கான தடை மருத்துவத் தகுதி விதிகளுக்குள் இருந்தது. நாடாளுமன்றச் சட்டமாக இல்லாமல் துறை விதியாக இருந்ததால்தான் ஆட்சிக்கு ஆட்சி அதைப் புரட்ட முடிகிறது.

2016 ஜூன் 30இல் பாதுகாப்பு அமைச்சர் ஆஷ் கார்ட்டர் தடையை நீக்கினார். 2017 ஜூலையில் அதிபர் டிரம்ப் ட்விட்டரில் மீண்டும் தடை என்றார். நீதிமன்றங்கள் நிறுத்திவைத்தன, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அமல்படுத்த வழிவிட, ஏப்ரல் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. 2021 ஜனவரி 25இல் பைடன் அதை ரத்து செய்தார். 2025 ஜனவரி 27இல் டிரம்ப் மீண்டும் தடை போடும் புதிய ஆணையில் கையெழுத்திட்டார். மே 6இல் உச்ச நீதிமன்றம், வழக்கு நடக்கும்போதே அதை அமல்படுத்தலாம் என்றது. 2015இல் சேர்ந்து பத்தாண்டு பணியாற்றிய ஒருவருக்கு, தன் வேலை செல்லுமா செல்லாதா என்பது நான்கு முறை மாறியிருக்கிறது.

6. இது மனநோய்தானே? மனநோய் இருக்கிறவர் கையில துப்பாக்கி கொடுக்கலாமா?

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆவது பதிப்பில் இதை மனநலக் கோளாறுகளின் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பாலியல் நலம் குறித்த அத்தியாயத்தில் வைத்துவிட்டது. 2019இல் ஏற்கப்பட்டது, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. அமெரிக்க மனநலக் கையேடு 2013இலிருந்து 'பாலின மனவுளைச்சல்' என்கிறது. அதாவது கவனிக்க வேண்டியது அடையாளத்தை அல்ல, அதனால் வரும் வேதனையை.

வேதனை இருப்பவரைச் சோதிக்காமல் எடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கு எல்லா வீரர்களுக்கும் என்ன அளவுகோலோ அதுவே இவர்களுக்கும்.

7. சேர்றதுக்கு முன்னாடியே சிகிச்சை எடுத்திருந்தா தகுதி போயிடுமா?

நாட்டைப் பொறுத்தது. 2021 முதல் 2025 தொடக்கம் வரை அமெரிக்காவில் இருந்த விதியை உதாரணமாகப் பாருங்கள். பாலின மனவுளைச்சல் என்று பதிவு இருந்தால், 18 மாதமாக நிலையாக இருப்பதாக மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஹார்மோன் எடுப்பவரும் 18 மாதம் அதில் நிலைத்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் 18 மாதம் கழிந்து, பின்விளைவோ மறு அறுவையோ பாக்கி இல்லை என்று சான்று வேண்டும்.

விண்ணப்பங்கள் தட்டுத் தடுமாறியது உடம்பில் அல்ல, தேதியில். 18 மாதம் எங்கிருந்து தொடங்குகிறது? முதல் மாத்திரையிலிருந்தா, ரத்த அளவு சீரானதிலிருந்தா, மருந்தளவைக் கடைசியாக மாற்றியதிலிருந்தா? மருத்துவர் கடிதத்தில் இது தெளிவாக இல்லாவிட்டால் கோப்பு திரும்பி வரும்.

8. பணியில இருக்கும்போதே ஒருத்தர் மாறணும்னா, படிப்படியா என்ன நடக்கும்?

அனுமதிக்கும் நாடுகளில் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ராணுவ மருத்துவர் நோயறிதலை எழுதுகிறார். பிறகு சிகிச்சைத் திட்டம்: ஹார்மோன் எப்போது, அறுவை வேண்டுமா, எவ்வளவு விடுப்பு. மூன்றாவது, மேலதிகாரியுடன் காலக்கெடு பேசுவது. சிகிச்சை தேவையா என்று அவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. எப்போது என்பதில், பயிற்சியையும் அயல்பணியையும் (வெளிநாட்டுக்கோ போர்முனைக்கோ அனுப்பப்படுவது) பார்த்து நாள் தள்ளிவைக்கலாம். கடைசியாக நீதிமன்ற ஆணை, பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழைக் காட்டிப் பதிவேட்டில் அந்த எழுத்தை மாற்றுவது.

வலி மிகுந்தது நடுப்பகுதி. 2025 தடைக்கு முன்பிருந்த அமெரிக்க முறையில் பதிவேடு மாறும் நாள் வரை பழைய பாலினத்தின் விதிகளே. தாடி வந்துவிட்ட திருநம்பி பெண்கள் தங்குமிடத்தில், பெண்களின் சிகை விதியோடு இருக்க வேண்டியிருந்தது. விதிவிலக்கு கேட்டு எழுத முடிந்தது. அதைத் தருவதும் மறுப்பதும் மேலதிகாரி கையில் இருந்தது. ஒரே விதிப்புத்தகம், இரண்டு முகாம், இரண்டு வேறு வாழ்க்கை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் இட மாற்றல் வருகிற நேரத்தோடு ஆவண மாற்றத்தையும் பொருத்திக்கொண்டார்கள். புதிய முகாமில் புதிய பெயரோடு இறங்கினால் விளக்கம் சொல்லும் வேலை பாதி குறையும்.

9. போர்முனைல ஹார்மோன் கிடைக்கலைன்னா ஆள் என்ன ஆவார்?

உயிருக்கு ஆபத்து வராது. இதை இன்சுலினோடு ஒப்பிடுகிறார்கள்; இன்சுலின் சில நாள் தவறினாலே உயிர்போகும், இது அப்படியல்ல. திருநம்பிகள் எடுக்கும் ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன்; அதன் ஊசியை வாரம் ஒன்றோ இரு வாரத்துக்கு ஒன்றோ போடுவது, இரு வாரத்துக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை. சில வாரங்கள் தவறினால் சோர்வு வரும், மாதவிடாய் திரும்பலாம். திருநங்கைக்கு விரைகள் இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் மெல்லத் திரும்பும். அகற்றியிருந்தால் உடம்பு சுட்டெரிக்கும், தூக்கம் கெடும். மாதக்கணக்கில் நீண்டால் எலும்பு பலமிழக்கும்.

நடைமுறைத் தொல்லைகள் வேறு. டெஸ்டோஸ்டிரோன் குப்பிக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. குளிரில் எண்ணெய்க்குள் படிகம் கட்டும். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக் குலுக்கினால் கரைந்துவிடும். அமெரிக்காவில் அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து என்பதால் மருந்துச் சீட்டு கூடவே பயணிக்க வேண்டும். ரத்தச் சிவப்பணு விகிதம் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தளவைக் குறைக்க வேண்டும். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. திருநங்கைகள் எடுக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் ஒட்டுப்பட்டை வியர்வையில் உரிந்துவிடும், வெயில் பிரதேசத்துக்கு மாத்திரையோ ஊசியோ மேல்.

பலரும் கவனிக்காதது ஸ்பைரோனோலாக்டோன். ஆண் ஹார்மோனை அடக்கத் தரும் இந்த மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும், ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். வெயிலில் மூட்டை சுமந்து நடப்பவர் அதோடு மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. படைகளில் ஐபுப்ரோஃபென்னை மிட்டாய் மாதிரி விழுங்குவார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

10. பைண்டர் போட்டுகிட்டு குண்டு துளைக்காத கவசம் போடலாமா?

கூடாது என்பதுதான் நேர்மையான பதில். பைண்டர் மார்பைத் தட்டையாக்க இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை. சாதாரண நாளிலேயே 8 மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, போட்டுக்கொண்டு ஓடக் கூடாது என்பார்கள். மேலே கவசம் ஏறினால் முன்னாலும் பின்னாலும் தகடு, நடுவில் விலா எலும்பு. மூச்சை முழுதாக இழுக்க இடமில்லை. வியர்வை தேங்கித் தோல் புண்ணாகும். ஓடும்போது மயங்கி விழவும் கூடும். இறுக்கமான விளையாட்டு உள்ளாடை போதும். கவசம் போட்ட பிறகு வெளியே எவருடைய மார்பும் தெரியப்போவதில்லை.

11. உடல் தகுதித் தேர்வுல எந்த அளவுகோல்? திருநங்கைகளுக்கு இது சலுகை ஆகாதா?

பதிவேட்டின் எழுத்துதான் அளவுகோல் (1, 8 பார்க்கவும்). சலுகையா என்பதற்கு அமெரிக்க விமானப்படையின் தேர்வு மதிப்பெண்களை வைத்து ஓர் ஆய்வு உண்டு. 46 திருநங்கைகள், 29 திருநம்பிகள், 2020இல் வெளியானது. ஹார்மோனுக்கு முன் திருநங்கைகள் ஒரு நிமிடத்தில் மற்ற பெண்களைவிட 31 சதவீதம் அதிகம் தண்டால் எடுத்தார்கள், ஒன்றரை மைல் ஓட்டத்தில் 21 சதவீதம் வேகம். இரண்டு ஆண்டு ஹார்மோனுக்குப் பின் தண்டால் வித்தியாசம் மறைந்தது. ஓட்டத்தில் 12 சதவீதம் மிச்சமிருந்தது.

ஆகவே "ஒரு வித்தியாசமும் இல்லை" என்பதும் தவறு, "ஆண் உடம்பு ஆண் உடம்புதான்" என்பதும் தவறு. திருநம்பிகள் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறோம்: 43 சதவீதம் குறைவாகத் தண்டால் எடுத்தவர்கள், ஓராண்டில் மற்ற ஆண்களுக்கு இணையாக வந்துவிட்டார்கள். தேர்வு என்பது பந்தயமும் அல்ல. குறைந்தபட்ச அளவைத் தாண்டினாரா இல்லையா, அவ்வளவுதான்.

12. அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு நாள் ஆகும்? செலவு யாருக்கு?

மார்பு அறுவைக்குப் பின் கனம் தூக்காமல் ஆறு முதல் எட்டு வாரம். கீழ்ப்பகுதி அறுவைக்குச் சுமார் மூன்று மாதம். திருநங்கைகளுக்கு முதல் சில மாதம் புதிதாக அமைத்த பிறப்புறுப்புப் பாதை சுருங்காமல் இருக்க தினமும் பலமுறை விரிவாக்கப் பயிற்சி செய்ய வேண்டும், அதற்குத் தனியறையும் சுத்தமான நீரும் வேண்டும். கூடாரத்தில் நடக்காது. ஆகவே அயல்பணிக்கு முன்னால் அல்ல, முடித்து வந்த பிறகே தேதி குறிப்பது வழக்கம்.

செலவை 2016இல் ராண்ட் கணக்கிட்டது: அமெரிக்க ராணுவத்தின் மருத்துவச் செலவு ஆண்டுக்கு 24 லட்சம் முதல் 84 லட்சம் டாலர் வரை கூடும். மொத்தத்தில் 0.04 முதல் 0.13 சதவீதம். ஆண்டுக்கு 29 முதல் 129 பேர் மட்டுமே பணியைப் பாதிக்கும் அளவு சிகிச்சை கேட்பார்கள் என்பதும் அதே மதிப்பீடு.

13. குளியலறை, படுக்கை விஷயத்துல என்ன பண்றாங்க?

பொதுக் குளியலறையில் திரைச்சீலை, நேரம் பிரித்துக் கொடுப்பது. எல்லாருக்கும் சேர்த்துத் திரை போட்ட முகாம்களில் பிரச்சினை அடங்கியது. ஒருவருக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்த இடங்களில் அதுவே அடையாள அட்டையாகிப்போனது.

14. கட்டாய ராணுவ சேவை இருக்கிற நாட்டுல?

அங்கே கேள்வியே தலைகீழ்: எப்படிச் சேர்வது என்பதல்ல, எப்படி விடுபடுவது. தாய்லாந்தில் ஆண் என்று பதிவானவர்கள் 21 வயதில் ஏப்ரல் மாதச் சீட்டுக் குலுக்கலுக்கு வர வேண்டும். சிவப்புச் சீட்டு வந்தால் சேவை, கறுப்பு வந்தால் விடுதலை. நீள முடியும் ஒப்பனையுமாகத் திருநங்கைகள் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மருத்துவர் பார்த்து விலக்குவார். விலக்குச் சான்றில் "நிரந்தர மனநலக் கோளாறு" என்று எழுதிவந்தார்கள். வேலைக்குப் போகும் இடமெல்லாம் கேட்கும் சான்று அது. 2011இல் நிர்வாக நீதிமன்றம் அந்த வாசகம் செல்லாது என்றது.

உக்ரைனில் 2022 பிப்ரவரியில் போர்ச் சட்டம் வந்ததும் 18 முதல் 60 வயது வரையான ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை போட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஆண் என்றிருந்த திருநங்கைகள் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

15. அறுவை சிகிச்சை பண்ணினதுக்காகவே வேலையை விட்டு எடுத்தா, கோர்ட்ல நிக்குமா?

தென்கொரியாவின் பியோன் ஹீ-சூ வழக்கைப் பாருங்கள். டாங்க் ஓட்டுநரான சார்ஜென்ட். 2019இல் தாய்லாந்தில் அறுவை செய்துகொண்டு, பெண் வீரராகத் தொடர விரும்பினார். ஆணுறுப்பு இழப்பு என்பது உடல் ஊனம் என்று கணக்கிட்டு 2020 ஜனவரி 22இல் ராணுவம் அவரை விடுவித்தது. அடுத்த மாதமே நீதிமன்றம் அவரைப் பெண் என்று பதிவு மாற்றியது. 2021 மார்ச்சில் அவர் இறந்துகிடந்தார், வயது 23.

அந்த அக்டோபரில் தேஜோன் நீதிமன்றம், பெண்ணாகக் கருதித்தான் தகுதியைப் பார்த்திருக்க வேண்டும், பெண்ணுக்கு அது ஊனமே அல்ல, விடுவித்தது செல்லாது என்றது. 2024இல் அவரது மரணம் பணியின் தொடர்ச்சியாக ஏற்கப்பட்டு, தேசியக் கல்லறையில் இடம் கிடைத்தது. தீர்ப்பு நின்றது. ஆனால் நிற்க எடுத்துக்கொண்ட காலம் ஆளைவிட நீண்டது.

16. 2025 ஆணைக்கு அப்புறம் உள்ளே இருந்தவங்க என்ன ஆனாங்க?

பாதுகாப்புத் துறையின் கணக்கில் 2024 டிசம்பரில் பாலின மனவுளைச்சல் என்று பதிவானவர்கள் 4,240 பேர். அவர்களுக்குத் தேதி கொடுத்தார்கள்: முழுநேரப் பணியாளர் ஜூன் 6, ரிசர்வ் படையினர் ஜூலை 7. அதற்குள் தாமாக முன்வந்து விலகினால், கட்டாயமாக அனுப்பப்படுபவருக்குக் கிடைப்பதைப்போல் இரு மடங்கு தொகை. துறையே தந்த உதாரணம்: பத்தாண்டு பணியாற்றிய இ-5 தர வீரருக்கு விலகினால் 1,01,628 டாலர், காத்திருந்து அனுப்பப்பட்டால் 50,814. ஆறாண்டு நிறையாதவருக்கு இந்தத் தொகைக் கணக்கே இல்லை.

விதிவிலக்கு உண்டு என்று எழுதியிருக்கிறது. தொடர்ந்து 36 மாதம் மனவுளைச்சல் இல்லாமல் பிறந்த பாலினத்திலேயே இருந்திருக்க வேண்டும், மாற முயன்றதே இல்லை என்று இருக்க வேண்டும், இனியும் அந்தப் பாலின விதிகளுக்கே கட்டுப்பட வேண்டும். மாறியவர் யாருக்கும் பொருந்தாத விதிவிலக்கு.

17. வெளியே வந்தாச்சு, பேரும் மாத்தியாச்சு. விடுவிப்புச் சான்றுல பழைய பேர் இருக்கே?

அமெரிக்காவில் அந்தத் தாள் டிடி-214. வேலை, வீட்டுக் கடன், கல்வி உதவி, எல்லாவற்றுக்கும் அதைத்தான் நீட்ட வேண்டும். பழைய பெயர் இருந்தால் நீட்டும் ஒவ்வொரு இடத்திலும் தன்னைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். திருத்தக் கோரும் படிவம் டிடி 149. அந்தந்தப் படையின் ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போகும். பெயர் மாற்ற ஆணையின் நகலை இணைக்க வேண்டும். பிழை தெரிந்த மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் எழுதினால் வாரியம் விலக்குத் தரலாம்.

அந்தச் சான்றுக்கு இரண்டு வடிவம் இருப்பது பலருக்குத் தெரியாது. 'மெம்பர்-1' நகலில் விலகிய காரணம் இருக்காது. 'மெம்பர்-4' நகலில் காரணமும் குறியீடும் இருக்கும். தனியார் நிறுவனம் கேட்டால் முதலாவதைக் கொடுத்துப் பாருங்கள். ஆனால் அரசு சலுகைகளுக்கு இரண்டாவதைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். திருத்தம் வரும்போது இரண்டு நகலிலும் புதுப்பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.